கைப்பிடியின் விலை

நஜ்ரானில் பணிபுரியும் நம் தங்கை மகன் சென்ற மாதம் கைப்பேசியில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். இரண்டிலும் ஜம்பியா. அரபியர் இடைவாரில் செருகி அணியும் அந்த வளைந்த குத்துவாளை நம்மில் பலரும் அறிவோம். வளைகுடாவிலிருந்து திரும்பிய தலைமுறையினர் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், மக்கா மதீனாப் படங்களுக்குக் கீழே அது பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். மருமகன் அனுப்பிய முதல் ஜம்பியாவின் விலை 180 ரியால். இரண்டாவதன் விலை 9,000 ரியால்.

"மாமா, ஊருக்கு வரும்போது வீட்டுக்கு ஒன்று வாங்கி வரலாம் என்றிருக்கிறேன். இரண்டாவது சைஃபானியாம். இனிமேல் செய்யவே முடியாதாம், இருப்பது இருப்பதுதானாம். நம் காலத்து மொழியில் சொன்னால் லிமிடெட் எடிஷன். ஓராண்டாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. எதை வாங்கட்டும்?"

சாதாரணமானதே போதும் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினோம். அவர் விடவில்லை. "ஏன் மாமா? விலை அதிகம் என்பதாலா?" என்று கேட்டார். விலை மட்டும் காரணமன்று. அவருக்குச் சொல்லத் தொடங்கிய விளக்கம் நீண்டுவிட்டது. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழக்கூடியது என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

ஜம்பியாவின் உறுப்புகள் மூன்று: அலகு, கைப்பிடி, உறை. அலகு இருபுறமும் கூர் உடையது. வலிமைக்காக நடுவே ஒரு முதுகுத் தண்டு போல மேடிட்டு ஓடும். உறை மரத்தால் செய்து தோல் போர்த்தியது. யமன் நாட்டுக் குடியானவர்களும் குலத்தினரும் அணியும் உறை நுனியில் கொக்கி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். சாதாத்துமார்களும் காழிகளும் அணிந்துவந்த உறையின் வடிவம் வேறு, அதை அணியும் சாய்வும் வேறு. தெருவில் எதிரே வருபவரின் இடுப்பைப் பார்த்தே அவர் யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது அலகும் அன்று, உறையும் அன்று. கைப்பிடிதான்.

இது நம்மை முதலில் வியக்க வைத்த செய்தி. கத்தி வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பான்? நம் ஊர்க் கறிக்கடைக்காரர் இரும்பைப் பார்ப்பார், விரலால் கூரைத் தடவிப் பார்ப்பார், கைப்பிடி கழன்று ஆடாமல் இருந்தால் சரி என்பார். ஜம்பியாச் சந்தையில் கதை தலைகீழ். ஹள்ரமௌத்துப் பழைய அலகுகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு என்பது உண்மையே. ஆயினும் பழைய, நல்ல கைப்பிடி ஒன்று கிடைத்துவிட்டால் அதில் எந்த அலகைப் பொருத்தினாலும் விலை பெரிதாகக் குறையாது. மிகச் சிறந்த அலகின் மேல் மரக் கைப்பிடியைப் பொருத்தினால் விலை சரிந்துவிடும்.

காரணம் எளிது. அந்த அலகு உறையை விட்டு வெளியே வருவது மிக அரிது. திருமண வீட்டிலும் பெருநாளிலும் ஆடவர் வரிசையாக நின்று ஆடும் பரஆ ஆட்டத்தில் கையில் ஏந்துவார்கள். மற்றபடி, சினத்தில் அதை உருவுவதே யமன் குல வழக்கில் பெருங்குற்றம். உருவியவன் குத்தாமல் விட்டாலும் ஈடு கொடுக்க வேண்டிவரும். ஆகவே ஊரார் கண்ணுக்கு ஆயுள் முழுவதும் தெரிவது உறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கைப்பிடி மட்டுமே. பார்க்கப்படும் இடத்துக்குத்தானே பணம் போகும்?

சைஃபானி என்பது கைப்பிடியின் ஒரு வகை. காண்டாமிருகக் கொம்பில் செதுக்கியது. புதிதாகச் செதுக்கும்போது அதில் பெரிய அழகு ஒன்றும் இராது. பல்லாண்டுகள் கைபட்டுக் கைபட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் போய்ச் சேரும்போது மஞ்சள் கலந்த ஒளி ஏறும். விளக்கின் முன் பிடித்தால் ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவும். இந்த முதிர்ச்சியைத்தான் வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள். நிறத்துக்கு ஏற்ப வேறு பெயர்களும் உண்டு. வெங்காயத் தோலின் நிறத்தை ஒத்தது ஒன்று, பச்சை சாயல் ஓடுவது ஒன்று. தலைமுறைகளின் கைச்சூடு ஏறிய பொருள் என்ற எண்ணத்தில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. அதை நாம் மறுக்கவில்லை.

சாதாரண ஜம்பியாவின் கைப்பிடி எருமை அல்லது மாட்டுக் கொம்பு, மரம், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். எருமைக் கொம்பு உள்ளே எலும்பு நிறைந்த ஓடு. காண்டாமிருகக் கொம்பில் எலும்பே இல்லை. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டின், இழை இழையாக நெருங்கி இறுகி முழுத் திண்மையாக வளர்ந்தது. அதனால்தான் அதைக் கட்டையாகச் செதுக்க முடிகிறது, நன்றாக மெருகும் ஏறுகிறது. தொழில்நுட்பமாக இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. பிடிப்பதற்கு எருமைக் கொம்பு எந்த வகையிலும் குறைந்ததன்று. வெட்டுவதற்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் கைப்பிடி வெட்டுவதில்லை.

இனி அந்தக் கைப்பிடி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். நாம் சொல்ல வந்ததன் மையம் இங்கேதான் இருக்கிறது.

1962 வரை வட யமனை இமாம்கள் ஆண்டார்கள். அந்நாளில் கொம்புக் கைப்பிடி மேல்குடியினரின் அடையாளம். எளியவர்கள் அதை அணிய வசதியும் இல்லை, துணிவும் இல்லை. புரட்சி வந்தது, எட்டாண்டு உள்நாட்டுப் போர் நடந்தது, 1970இல் ஓய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணெய் விலை ஏறியது. சவூதியில் கட்டிடங்கள் எழும்பின, சாலைகள் போடப்பட்டன. அந்த வேலைகளுக்கு எல்லை கடந்து சென்றவர்கள் இலட்சக்கணக்கான யமனியர். மண்ணும் கல்லும் சுமந்து, கடை வாசலில் படுத்துறங்கி ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள், நிக்காஹ் முடித்தார்கள். பிறகு, நேற்று வரை சாதாத்துமார் இடுப்பில் மட்டுமே பார்த்த அந்தக் கைப்பிடியைத் தாமும் வாங்கினார்கள்.

அவர்களை இகழ நமக்கு மனம் வரவில்லை. அது நம் வீட்டுக் கதையும் ஆகும். நம் தகப்பன்மாரும் அதே காலத்தில், அதே ஜித்தாவிலும் ரியாத்திலும், அதே வெயிலில்தான் நின்றார்கள். விடுப்பில் வரும்போது டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரும் செண்டு பாட்டிலும் கைக்கடிகாரமும் கொண்டுவந்து, இனி நாமும் மனிதர்தான் என்று ஊருக்குக் காட்டினார்கள். யமனியருக்கு அந்தக் கைக்கடிகாரத்தின் இடத்தில் ஜம்பியா இருந்தது. மற்றவர் முன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் ஒன்றே.

ஆனால் கைக்கடிகாரத்தைத் தொழிற்சாலையில் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். கொம்பை அவ்வாறு செய்ய இயலாது. காண்டாமிருகம் ஏறத்தாழ 15 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். கிழக்கு ஆப்பிரிக்காவில் கறுப்புக் காண்டாமிருகங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. கொம்பு மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, செங்கடலைக் கடந்து ஸன்ஆவின் பழைய நகரத்துச் சந்தைக்கு வந்தது. மீதி உடல் புல்வெளியில் கிடந்தது. செதுக்கும்போது உதிர்ந்த சீவலும் தூளும்கூட வீணாகவில்லை. கிழக்காசிய நாட்டு மருந்துக்காக அவை மறுபடியும் கப்பலேறின. 1970இல் உலகில் ஏறத்தாழ 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன என்பது மதிப்பீடு. 1990களின் நடுவில் எஞ்சியவை ஏறத்தாழ 2,400. நூற்றுக்கு நான்குகூட மிஞ்சவில்லை. பழி முழுவதும் ஜம்பியாவுக்கு உரியதன்று, கிழக்காசிய மருந்துச் சந்தைக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆயினும் 1970களில் கொம்பு சென்று சேர்ந்த முதன்மையான இடங்களில் ஒன்று யமன் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1982இல் வட யமன் அரசு கொம்பு இறக்குமதியைத் தடை செய்தது. தடை வந்தால் கள்ளச் சந்தை வரும், வந்தது. 1992இல் நாட்டின் தலைமை முஃப்தி ஃபத்வா வெளியிட்டார்: கைப்பிடிக்காகவும் கொம்புக்காகவும் அந்த உயிரினத்தைக் கொல்வது இறைவனின் விருப்பத்துக்கு முரணானது என்பது அதன் சாரம். அரசாணை சொல்லிக் கேட்காதவர் சிலர் ஆலிம் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறோம். 1997இல் யமன், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலும் இணைந்தது. இதற்கிடையே குவைத் போரையொட்டி 1990இல் சவூதியிலிருந்து இலட்சக்கணக்கான யமனியர் ஊர் திரும்ப நேர்ந்ததால் கையில் பணமும் வற்றியிருந்தது. கைப்பிடிச் சந்தை மாற்றுப் பொருளுக்குத் திரும்பியது. அந்த மாற்றுப் பொருளில் பெரும்பங்கு எது தெரியுமா? இந்தியாவிலிருந்து போன எருமைக் கொம்பு. ஸன்ஆ நகரத்துத் தெருவில் ஒருவர் பெருமிதத்தோடு அணிந்து செல்லும் ஜம்பியாவின் கைப்பிடி நம் நாட்டு வயலில் உழுத எருமையுடையதாகவும் இருக்கலாம். இதை மருமகனிடம் சொன்னபோது சிரித்தார்.

கறுப்புக் காண்டாமிருகம் இப்போது 6,000ஐக் கடந்து மீண்டுவருகிறது. அல்ஹம்துலில்லாஹ். காவலர்கள் துப்பாக்கியோடு இரவும் பகலும் நின்று காப்பதால் வந்த எண்ணிக்கை அது.

ஆக, சைஃபானி "இனிமேல் செய்யவே முடியாது" என்று கடைக்காரர் சொன்னதன் பொருள் என்ன? லிமிடெட் எடிஷன் என்ற சொல் நிறுவனங்களின் சொல். அமெரிக்காவில் கே-பார் என்ற கத்தி இருக்கிறது. 1942இல் அந்நாட்டு மரைன் படை வீரர்களுக்காக உருவானது. 7 அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய கைப்பிடி. பின்னர் 1976இல் அந்தப் படையின் 200ஆம் ஆண்டு நினைவாக ஒரு சிறப்புப் பதிப்பு வெளியிட்டார்கள். அதன்பின் இன்னும் பல நினைவுப் பதிப்புகள், போர்களின் பெயர் பொறித்து வந்தன. சாதாரணப் பதிப்புக்கும் நினைவுப் பதிப்புக்கும் பெரும்பாலும் எஃகு ஒன்றே, அளவும் ஒன்றே. வேறுபடுவது அலகின் மேல் பொறித்த எழுத்தும், பெட்டியும், சான்றிதழும். அங்கே அருமை என்பது நிறுவனத்தார் தாமே வரைந்துகொண்ட ஒரு கோடு. "இத்தனைதான் செய்வோம்" என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். வேண்டுமானால் நாளையே இன்னும் 1,000 செய்யலாம். அந்தப் பொறிப்பில் யாருடைய போர் நினைவுகூரப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் நம் வீட்டுக் கூடத்தில் வைக்க வேண்டும். அது தனிப் பேச்சு. எப்படியாயினும், எழுத்துப் பொறிப்பதால் எந்த உயிரும் போகவில்லை. சைஃபானியின் அருமையோ வேறு வகை. அதன் எண்ணிக்கையைக் குறுக்கியது நிறுவனம் அன்று. அந்த விலங்கே முடியும் நிலைக்குப் போனதால் வந்த அருமை. விலங்கு குறையக் குறைய விலை ஏறியது, விலை ஏற ஏற விலங்கு குறைந்தது.

இதற்கு எதிராக நம்மிடம் மூன்று வாதங்கள் வைக்கப்பட்டன. மருமகன் வைத்தவை இரண்டு, அவருடைய நஜ்ரான் நண்பர் வைத்தது ஒன்று.

நண்பருடையதே வலுவானது. ஜம்பியா வெறும் அணிகலன் அன்று என்றார் அவர். இரு குலத்தாருக்கிடையே வழக்கு வந்தால் நடுவரிடம் இரு தரப்பும் தத்தம் ஜம்பியாக்களைக் கழற்றி ஒப்படைப்பார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அதுவே பிணை. பிணைப் பொருள் எவ்வளவு மதிப்புடையதோ அவ்வளவு உறுதி அந்த வாக்குக்கு. 180 ரியால் பிளாஸ்டிக்கை ஒப்படைத்துவிட்டு வாக்கை மீறினால் இழப்பு என்ன? பாட்டனார் அணிந்த சைஃபானியை ஒப்படைத்தவன் வாக்கை மீற மாட்டான். இவ்வாதத்தை நாம் ஏற்கிறோம். பல தலைமுறைகளாக ஒரு குடும்பத்தில் இருந்துவரும் பழைய கைப்பிடியை உடைத்தெறியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அதற்குரிய விலங்கு மடிந்து நூறாண்டு ஆகியிருக்கலாம். ஆனால் அந்த மதிப்பு அந்தக் குடும்பத்துக்கு உரியது. கடையில் 9,000 ரியால் கொடுத்து வாங்கும் நமக்கு அதில் எந்தப் பாட்டனாரும் இல்லை. நம் குலத்து நடுவர் யாரும் நம் ஜம்பியாவைப் பிணையாகக் கேட்கப் போவதும் இல்லை. நம் ஊரில் வழக்கு வந்தால் ஜமாஅத்தில் பேசுவோம், பத்திரத்தில் கையெழுத்திடுவோம். அவர்களிடம் அது வாக்குறுதியின் எடை. நம் அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் விலைச் சீட்டு.

மருமகனின் முதல் வாதம், அழகுபடுத்துவது மார்க்கத்தில் தடையா என்பது. தடையில்லை. நபி (ஸல்) அவர்களின் வாளின் கைப்பிடிக் குமிழ் வெள்ளியால் ஆனது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கிறார்கள். படைக்கலத்தில் வெள்ளி அணி செய்வதை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். எனவே அழகுக்கு நாம் எதிரிகள் அல்லர். அதே வேளையில் புகாரியில் வேறோர் அறிவிப்பும் உண்டு. வெற்றிகளை ஈட்டிய அந்த முன்னோரின் வாட்களில் பொன்னோ வெள்ளியோ அணியாக இருக்கவில்லை, தோலும் ஈயமும் இரும்புமே இருந்தன என்று அபூஉமாமா (ரலி) அவர்கள் பின்வந்தோரிடம் நினைவுபடுத்துகிறார்கள். வெள்ளி ஆகும் என்பதையும், அது இல்லாமலும் எல்லாம் நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

அணி மிகுந்த கத்தி எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் ஒரு சான்று இருக்கிறது. மூன்று பெரிய மரகதங்கள் பதித்த, கைப்பிடியின் உச்சியில் சிறு கடிகாரம் வைத்த அந்தக் குத்துவாளை உஸ்மானியச் சுல்தான் முதலாம் மஹ்மூது பாரசீகத்தின் நாதிர் ஷாவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். தூதுக் குழு வழியில் இருந்தபோதே, 1747இல், நாதிர் ஷா தம் சொந்தக் காவலர்களால் கொல்லப்பட்டார். செய்தி கேட்ட தூதர்கள் குத்துவாளோடு திரும்பிவிட்டார்கள். பெறுவதற்கு ஆளில்லாமல் வீடு திரும்பிய அந்தப் பரிசு இன்றும் கண்ணாடிப் பெட்டியில் மின்னுகிறது. ஒரு கயிற்றைக்கூட அது அறுத்ததில்லை.

இரண்டாவது வாதம் முதலீடு. "வாங்கி வைத்தால் விலை ஏறும் மாமா" என்றார். இங்கே உணர்ச்சியை விட்டுக் கணக்கைப் பார்ப்போம். அந்தக் கைப்பிடி உண்மையான காண்டாமிருகக் கொம்பாக இருந்தால், அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையால் 1970களிலிருந்தே தடைப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விமான நிலையச் சுங்கத்தில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும். வெளிநாட்டு வேலையும் போகலாம். இந்த நாடு கொம்பைப் பார்க்கும் பார்வை என்ன என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 2021 செப்டம்பர் 22 அன்று அஸ்ஸாமின் போகாகாட்டில் அரசுக் கருவூலங்களில் இருந்த 2,479 கொம்புகளை அரசே தீ மூட்டி எரித்தது. கோடிக்கணக்கில் விலை போகும் என்று கள்ளச் சந்தை சொல்லும் பொருளை, அதற்கு மதிப்பே இல்லை என்று காட்டுவதற்காக எரித்தார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்குள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது எவ்வகை முதலீடு?

கைப்பிடி உண்மையானது இல்லையென்றால் 180 ரியால் பொருளுக்கு 9,000 கொடுத்ததாகும். உண்மையென்றால் குற்றம், பொய்யென்றால் ஏமாற்றம். மூன்றாவது வாய்ப்பு ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

ஏமாற்றத்தைப் பற்றி நாம் சற்று அனுபவத்தோடு பேச முடியும். நம் வாப்பா 1970களின் கடைசியில் ஜித்தாவில் வேலை பார்த்தார்கள். ஒருமுறை விடுப்பில் வரும்போது மஞ்சள் நிறக் கைப்பிடியுள்ள ஜம்பியா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு மாதச் சம்பளம் என்று உம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கோபம் உம்மாவுக்கு நெடுநாள் தீரவில்லை. "காண்டாமிருகக் கொம்பு" என்று வாப்பா விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள், விளக்கின் முன் பிடித்து வெளிச்சம் ஊடுருவுவதைக் காட்டுவார்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறோம். வாப்பா மவுத்தாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தக் காண்டாமிருகக் கதையை முழுதாகப் படித்தறிந்த நாளில், அந்த ஜம்பியாவை எடுத்துப் பார்க்க நமக்கு அச்சமாகவே இருந்தது. வாப்பாவின் இரண்டு மாத உழைப்பு ஏதோ ஒரு புல்வெளியில் ஓர் உயிரை வீழ்த்தியதோ என்ற அச்சம்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். இழைகள் எதுவும் இல்லை. கைப்பிடியின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக, மெருகுக்கு அடியில், மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அச்சில் ஊற்றி வார்த்த பிளாஸ்டிக்கின் பொருத்துவாய். உள்ளே ஒரு சிறு காற்றுக் குமிழி. வாப்பா ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துப் பிளாஸ்டிக் வாங்கியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு இது தெரிந்தபோது நம் வாயிலிருந்து வந்தது அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்தான். பெயர் தெரியாத அந்தக் கடைக்காரரின் பொய்யை நாம் மன்னித்துவிட்டோம். உம்மா இருந்திருந்தால் மன்னித்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

அந்த ஜம்பியா இன்றும் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. வாப்பாவின் கை அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் பட்டிருக்கிறது. நமக்கு அது சைஃபானியைவிடக் குறைந்ததன்று. ஆனால் இதைக் கடையில் யாரும் விற்க முடியாது, வாங்கவும் முடியாது.

மருமகன் போன்றவர்களுக்கு நடைமுறையாகச் சில சொற்கள். நினைவுப் பொருளாக ஜம்பியா வாங்குவதென்றால் எருமைக் கொம்போ மரமோ வாங்குங்கள். கடைக்காரர் சைஃபானி என்று தாழ்ந்த குரலில் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அலகைப் பாருங்கள். உறைக்குள் தடையின்றிப் போய் வருகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். உறையின் தையலைப் பாருங்கள், அங்கேதான் கைவினைஞரின் நேர்மை தெரியும். கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற முடியாது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில், கடைச் சீட்டோடு வையுங்கள். நம் நாட்டில் ஆயுத விதிகள் அலகின் நீளத்தில் 9 அங்குலத்தையும் அகலத்தில் 2 அங்குலத்தையும் எல்லையாகக் குறிப்பிடுகின்றன. அதற்குள் அடங்கும் சிறிய அளவே நல்லது. கொண்டுவந்த பின் இளைஞர்கள் அதை உருவிப் பிடித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். உருவிய வாளைக் கைமாற்றுவதையும், விளையாட்டாகக்கூட இரும்பைச் சகோதரனை நோக்கி நீட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்தத் தடைக்கு இந்தக் காலத்தில் இன்னும் கூடுதலான காரணங்கள் இருக்கின்றன என்பதை நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மருமகன் போன வாரம் ஊர் வந்து சேர்ந்தார். 180 ரியால் கேட்டதைப் பேசி 150க்கு வாங்கியிருக்கிறார். கறுப்பு எருமைக் கொம்புக் கைப்பிடி, பச்சை நூல் வேலை செய்த இடைவார். மீதிப் பணத்தில் என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை. தங்கை முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜம்பியாவை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அலகு சுமார்தான், கூரும் இல்லை, உறைக்குள் ஈரம் இருந்திருக்கிறது போலும், நுனியில் லேசாகத் துரு. சாம்பல் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.